கரும்பு வெட்டும் இயந்திரம்

“கரும்பு தின்னக் கூலியா?” என்பது நம் நாட்டுப் பழமொழி. தின்பதற்குக் கூலி வேண்டாவாயினும், வெட்டுவதற்குக் கூலியும் வேண்டும். உடல் வலிமையும் வேண்டும். கரும்பின் வரலாற்றிலே மிகக் கசப்பான பகுதி அதன் அறுவடையேயாகும். அவ்வறுவடையை மனிதன் கையினின்றும் இயந்திரம் ஏற்றுக்கொண்ட வரலாற்றையும், அதனால் விளைந்த நன்மை தீமைகளையும், இத்துறையில் முன்னோடியாய் நின்ற அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வோம்.

குயீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்கள் தொடக்கத்தில் பிறநாட்டார் உழைப்பாலேயே வளர்ந்தன. 1863 முதல் 1904 வரை பசிபிக் தீவுகளிலிருந்து ஏறக்குறைய 62,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தத்தால் வந்தோரும் உளர். வஞ்சனையாற் பிடிக்கப்பட்டு வந்தோரும் உளர். 1882-ஆம் ஆண்டில் நம் இலங்கையிலிருந்தும் சிங்களத் தொழிலாளர் சிலர் அங்கே கப்பலேற்றப்பட்டனர். மொரீசியசிலும் நேட்டாலிலும் பிஜியிலும் தமிழர் பட்ட துயரும் இக்கரும்பு பற்றியதே. பிஜித் தீவில் வாடிய பெண்களை நினைந்து பாரதியார் பாடியதை நம் மாணவர் அறிவர்.

கையால் வெட்டுவோன் ஒவ்வொரு தூரிடத்தும் குனிந்து, அடியிலே வெட்டி, நிமிர்ந்து, நுனியைக் கொய்து, தோகையை உரித்துக் கரும்பை நிரையாகக் கிடத்தல் வேண்டும். பின்னர் அதனைத் தோளிற் சுமந்து வண்டியில் ஏற்றுதலும் அவன் கடனே. நாள் முழுதும் வெயிலில் உழைத்தால் சில தொன் கரும்பை வெட்டலாம். தோகையின் விளிம்போ கத்திபோல் மேனியைக் கீறும். அக்கீறலிலே எலிகளின் சிறுநீர் கலந்த ஈரம் பட்டால் எலிக்காய்ச்சல் உண்டாகும். 1934-இல் இங்காம் என்னும் ஊரைச் சூழ்ந்த தோட்டங்களில் இந்நோய் பரவிற்று. வெட்டுமுன் வயலைக் கொளுத்தி எலிகளை ஓட்டவேண்டுமென்று கேட்டு, 1935-இல் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். கரும்பைக் கொளுத்தி வெட்டும் வழக்கம் காலப்போக்கில் அங்கே பொதுவாயிற்று. நோய் குறைந்தது, ஆனால் வெட்டுவோர் கரிபடிந்த மேனியராய் உழைக்கலாயினர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்துணைக் கடுமையான தொழிலுக்கு ஆட்கள் கிடைத்தல் அரிதாயிற்று. அதனால் இயந்திர ஆராய்ச்சி விரைந்தது. பண்டபேர்க் நகரில் தொழிற்சாலை நடத்திய டொஃப்ட் சகோதரர் இத்துறையிற் புகழ்பெற்றவர். 1979-ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் கரும்பு முழுவதும் இயந்திரத்தாலேயே அறுவடை செய்யப்பட்டது.

இனி, இவ்வியந்திரம் தொழிற்படும் முறையைக் காண்போம். இயந்திரம் வரிசை வழியே செல்லுங்கால், உயரத்திலுள்ள ஓர் உறுப்பு நுனித்தோகையைக் கொய்து எறியும். சாய்ந்து பின்னிக் கிடக்கும் கரும்புகளைத் திருகுபோன்ற உருளைகள் பிரித்தெடுக்கும். பின்னர், எதிரெதிராகச் சுழலும் இரு தட்டுகளிற் பொருத்திய அலகுகள் நிலமட்டத்தில் தண்டை வெட்டும். வெட்டுண்ட கரும்பை உருளைகள் உள்ளே இழுக்க, சுழலும் கத்திகள் அதனைச் சாணளவான கரணைகளாக்கும். பெரு விசிறியொன்று தோகையை உறிஞ்சி வெளியே வீசும். கரணைகள் ஏணிபோன்ற ஏற்றியின் வழியே சென்று, அருகே ஓடிவரும் வண்டியில் விழும். நன்கு விளைந்த வயலில் மணிக்கு 100 தொன் அளவு வெட்டவும் இயலும்.

இவ்வளவில் வேலை முடிந்ததென்று கருதலாகாது. முழுக் கரும்பாக வெட்டினால் தண்டுக்கு இரண்டு வெட்டுவாய்களே உண்டு. கரணையாக்கினாலோ ஒவ்வொரு சாண் துண்டுக்கும் இரண்டு உண்டு. அவற்றின் வழியே நுண்ணுயிர்கள் புகுந்து வெல்லச்சத்தைக் கெடுக்கும். ஆதலின், வெட்டியதிலிருந்து ஏறக்குறைய 16 மணி நேரத்துள் கரும்பு ஆலையிற் பிழியப்படல் வேண்டும். இதன்பொருட்டே, ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர் நீளமான, இரண்டடி அகலமுள்ள சிறு இரும்புப் பாதைகள் அம்மாநிலத்தில் தோட்டங்களையும் ஆலைகளையும் இணைக்கின்றன. ஆலையின் சக்கரம் நின்றால் வயலின் இயந்திரமும் நிற்கவேண்டும். வயல், பாதை, ஆலை என்னும் மூன்றும் ஒரே கடிகாரத்துக்கு அடங்கியவை.

இயந்திரத்துக்குக் கண் இல்லை. ஓட்டுபவனே அதன் கண். நுனியினும் அடியே இனிதென்பது நாம் அறிந்தது. அலகுகள் சிறிது உயர்ந்தால் அவ்வினிய பகுதி வயலிலே நின்றுவிடும். சிறிது தாழ்ந்தால் மண்ணும் கல்லும் கரும்போடு ஆலை சேரும். தூர்களும் பெயர்ந்து மறுதாம்புப் பயிர் குன்றும். விசிறி மெல்லச் சுழன்றால் தோகை மிகும். விரைந்து சுழன்றால் கரணைகளும் உறிஞ்சப்பட்டுச் சிதறும். சிதறியது சாறாகித் தோகையோடு மறைதலால், அந்நட்டம் கண்ணுக்கும் புலப்படாது.

மண்ணுக்கு நேரும் தீங்கும் சிறிதன்று. 15 தொன்னுக்கு மேற்பட்ட இயந்திரம் மீண்டும் மீண்டும் செல்லுதலால் நிலம் இறுகும், வேர் பரவாது, நீர் இறங்காது. கரும்பு வரிசைகளின் இடைவெளி ஏறக்குறைய ஒன்றரை மீற்றராயிருக்க, சக்கரங்களின் இடைவெளி அதனினும் அகன்றிருத்தலே இதன் மூலகாரணம். ஆதலின், வரிசைகளைச் சக்கரங்களுக்கேற்ப அகற்றி நட்டு, செயற்கைக்கோளின் வழிகாட்டலால் ஒரே தடத்திற் செல்லும் முறையை உழவர் பலர் கைக்கொண்டுள்ளனர். கொளுத்தாமற் பச்சையாகவே வெட்டித் தோகையை நிலத்திற் போர்வையாக விடும் வழக்கமும் 1980-கள் முதற் பரவியது. அப்போர்வை ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும், மழைநீர் மண்ணை அரித்துச் செல்வதைக் குறைக்கும்.

இயந்திரம் வெட்டுவோனின் முதுகைக் காத்தது. அவன் நோயையும் குறைத்தது. இது பெரும் பேறே. எனினும், ஆள் கிடையாத நாட்டில் நன்மையானது ஆள் மிகுந்த நாட்டிலும் அவ்வாறே அமையுமென்பதற்கில்லை. பிறேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்தில், வயல் கொளுத்துவதைப் படிப்படியாக ஒழிக்க 2002-இல் சட்டஞ் செய்யப்பட்டது. அதனால் இயந்திரங்கள் பெருகின. வெட்டுவோர் பலர் வேலையிழந்தனர். அவருள் ஒரு பகுதியினர்க்கே இயந்திரம் ஓட்டவும் பழுதுபார்க்கவும் பயிற்சி கிடைத்தது.

ஆதலின், பண்ணைக்கு இயந்திரத்தை வாங்க எண்ணுவோர் அதன் விலையை மட்டும் கணித்தல் போதாது. வயல் அதற்கேற்ப அமைந்துளதா, ஆலை அதன் விரைவுக்கு ஈடுகொடுக்குமா, நேற்று வரை கத்தி பிடித்தவன் நாளை எதைப் பிடிப்பான் என்னும் மூன்றனையும் ஒருங்கே எண்ணுதல் வேண்டும். முதலிரண்டுக்கும் பொறியியலாளர் விடை கூறுவர். மூன்றாவதற்கு விடை கூறுதல், கற்றவர் அனைவர்க்கும் உரிய கடனென்பது எமது கருத்து.