ஆறு ஆட்டம் ஆடுவானா இந்தப் பையன்?

மார்ச் மாத நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இறுதிக்கட்டப் போட்டிக்குத் தேர்வான 68 அணிகளின் பட்டியல் தொலைக்காட்சியில் வெளியாகிறது. வியாழக்கிழமை நண்பகலில் பிரதானச் சுற்று தொடங்கிவிடும். இடையில் கிடைப்பது மூன்றரை நாள். அலுவலக உணவு இடைவேளையிலும், மாணவர் விடுதி அறைகளிலும், பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டுக் கணினி முன்னாலும் டிராஃப்ட் நடப்பது அந்த நாட்களில்தான். எட்டுப் பேரோ பத்துப் பேரோ கூடி, முறை வைத்து ஆளுக்கொரு வீரரை எடுப்பார்கள். ஒருவர் எடுத்தவரை இன்னொருவர் தொட முடியாது. எட்டு, பத்துச் சுற்று முடிந்ததும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கற்பனை அணி இருக்கும். அந்த வீரர்கள் நிஜக் களத்தில் போடும் புள்ளிகளைக் கூட்டி, ஏப்ரல் முதல் வாரத்தில் அதிகப் புள்ளி சேர்த்தவர் ஜெயித்ததாக அறிவிக்கிறார்கள்.

எந்த அணி ஜெயிக்கும் என்று கட்டம் கட்டமாக எழுதி நிரப்பும் போட்டி ஊரறிந்தது. ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் இந்த டிராஃப்டைத்தான் விரும்புகிறார்கள். ஏனென்றால் இதில் அணியை மட்டும் தெரிந்திருந்தால் போதாது, அணிக்குள் இருக்கும் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கைச் சொன்னால் எளிதாகத் தோன்றும். வீரர் ஆட்டத்துக்கு எடுக்கும் சராசரிப் புள்ளியை, அவருடைய அணி ஆடப்போகும் ஆட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். சராசரி எல்லாருக்கும் தெரியும். எத்தனை ஆட்டம் என்பது யாருக்கும் தெரியாது. தோற்றால் அன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். பிரதானச் சுற்றில் தொடங்கிக் கோப்பை வரை போகும் அணிக்கு ஆறு ஆட்டம். ஆகவே சிறு கல்லூரி ஒன்றில் ஆட்டத்துக்கு 22 புள்ளி போடும் நட்சத்திரத்தைவிட, தர எண் 1 பெற்ற, அதாவது மிக வலுவானதாக மதிப்பிடப்பட்ட, பெரிய அணியில் 12 புள்ளி போடும் மூன்றாவது ஆள் லாபமானவர். முன்னவர் ஓர் ஆட்டத்தோடு 22-இல் நின்றுவிடக்கூடும். பின்னவர் நான்கு ஆட்டம் ஆடினாலே 48. புதிதாக வருகிறவர்கள் பெயரைப் பார்த்து எடுப்பார்கள். பழகியவர்கள் அணியின் பாதையைப் பார்த்து எடுப்பார்கள். ஸ்நேக் முறையில் முதல் சுற்றில் கடைசியாக எடுப்பவருக்கே இரண்டாம் சுற்றின் முதல் வாய்ப்பு. அப்படி அடுத்தடுத்து இருவரை எடுக்கும் இடத்தில் உட்கார்ந்தவர், ஒரே அணியின் இரண்டு பேரைச் சேர்த்து எடுப்பதா என்று யோசிப்பார். அந்த அணி நீடித்தால் இரட்டை வரவு. முதல் நாளே விழுந்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

எப்படி விழும் என்பதற்கு 2023-ஆம் ஆண்டைப் பார்க்கலாம். இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழக அணி தர எண் 1 பெற்று வந்தது. அதன் ஏழடி நாலங்குல நடுவாட்டக்காரர் அந்த ஆண்டின் சிறந்த வீரர். யார் டிராஃப்ட் நடத்தினாலும் முதல் சில பெயர்களுக்குள் வந்துவிடுகிற பெயர். எதிரே தர எண் 16 பெற்ற ஃபேர்லி டிக்கின்சன் என்ற சிறு பல்கலைக்கழகம். 63–58 என்று பர்டூ தோற்றது. தர எண் 16 அணி, தர எண் 1 அணியை ஆண்கள் போட்டியில் வீழ்த்தியது அது இரண்டாவது முறை. முதல் முறை 2018-இல், மேரிலாந்து–பால்டிமோர் அணி வர்ஜீனியாவை 74–54 என்று அடித்தது. பர்டூ வீரர் அந்த ஒரே ஆட்டத்தில் 21 புள்ளி எடுத்தார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு புள்ளிகூட வர வழியில்லை.

அடுத்த மார்ச்சில் அதே வீரர், அதே அணி, மீண்டும் தர எண் 1. முந்தைய ஆண்டு கையைச் சுட்டுக்கொண்டவர்கள் தயங்கினால், துணிந்து எடுத்தவர்களுக்குக் கொட்டிக் கொடுத்தார். 30, 23, 27, 40, 20, இறுதி ஆட்டத்தில் 37. ஆறு ஆட்டத்தில் 177 புள்ளி! ஆண்கள் போட்டியில் 1989-இல் மிச்சிகன் வீரர் ஒருவர் எடுத்த 184 மட்டுமே அதைவிட அதிகம். பெண்கள் பக்கம் போனால் அந்த 184-உம் தாண்டப்பட்டுவிட்டது: அயோவா பல்கலைக்கழகப் பெண் ஒருவர் 2023-இல் ஆறு ஆட்டத்தில் 191 எடுத்தார். 2024-இல் பெண்கள் இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் பார்த்தவர்கள் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேல். ஆண்கள் இறுதி ஆட்டம் அதைவிடப் பல லட்சம் குறைவு. பெண்கள் அணிகளுக்கென்றே தனி டிராஃப்ட் நடத்தும் நண்பர் குழுக்கள் இருப்பதில் வியப்பில்லை.

சிறு கல்லூரி வீரரை எடுப்பது எப்போதும் முட்டாள்தனம் என்றும் சொல்லிவிட முடியாது. 2008-இல் தர எண் 10 பெற்ற டேவிட்சன் கல்லூரியின் மெலிந்த இளைஞர் ஒருவர் நான்கு ஆட்டத்தில் 40, 30, 33, 25 என்று 128 புள்ளி குவித்தார். மூன்று புள்ளி எறிதலில் தொழில்முறை லீகான என்பிஏ-வின் சாதனை இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. கடைசிச் சுற்றுகளில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்கும் ஆசைதான் டிராஃப்டின் ருசி. தர எண் 12 அணிகள், தர எண் 5 அணிகளை முதல் சுற்றில் மூன்றில் ஒரு தடவைக்குச் சற்று மேலாகவே தோற்கடித்து வந்திருக்கின்றன. அந்த இடத்தில் வலை வீசுபவர்கள் உண்டு.

நவம்பர் முதல் மார்ச் வரை பருவம் முழுவதும் நடத்தும் லீகுகளும் உள்ளன. முதல் பிரிவில் மட்டும் 360-க்கும் மேற்பட்ட அணிகள் என்பதால், பெரும்பாலான குழுக்கள் ஒன்றிரண்டு கூட்டமைப்புகளின் வீரர்களோடு நிறுத்திக்கொள்கின்றன. பிக் டென், பிக் ஈஸ்ட் என்று எல்லை கட்டிக்கொண்டால்தான் ஆள் பெயராவது நினைவில் நிற்கும். ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் எல்லாவற்றுக்கும் அதில் புள்ளி உண்டு. உழைப்பு அதிகம், சுவாரஸ்யம் மார்ச் அளவுக்கு இல்லை.

என்பிஏ ஃபேன்டசியில், அதாவது இதே கற்பனை அணி விளையாட்டின் தொழில்முறை வடிவில், ஊறியவர்கள் கல்லூரி டிராஃப்டுக்கு வந்தால் முதலில் தடுமாறுவது சில எளிய வேறுபாடுகளில். அங்கே 48 நிமிட ஆட்டம், ஆறாவது ஃபவுலில்தான் வெளியே. இங்கே ஆண்களுக்கு இருபது நிமிடப் பாதிகள் இரண்டு, ஐந்தாவது ஃபவுலில் வெளியே. முதல் பாதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கிய பெரிய வீரரைப் பயிற்சியாளர் பெஞ்சில் உட்காரவைப்பது வழக்கம். உங்கள் பட்டியலின் முதல் பெயர் அரை மணி நேரம் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதோடு அணிகள் ஆண்டுக்காண்டு கலைகின்றன. 2021-இல் ஒரு முறை கல்லூரி மாறினால் உடனே ஆடலாம் என்ற விதி வந்தது. 2024-இல் எத்தனை முறை மாறினாலும், படிப்புத் தகுதி இருந்தால், உடனே ஆடலாம் என்றானது. போன மார்ச்சில் நீங்கள் மனப்பாடம் செய்த அணியில் இந்த மார்ச்சில் இரண்டு பேர்கூட மிஞ்சாமல் போகலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு காயம். தொழில்முறை ஆட்டத்தில் யாருக்குக் கணுக்கால் பிசகியது, யார் இன்று ஆடமாட்டார் என்பதை அணிகள் அறிவித்தே ஆக வேண்டும். கல்லூரியில் அப்படியொரு பொதுக் கட்டாயம் நெடுங்காலம் இல்லை. 2023 முதல்தான் சில கூட்டமைப்புகள், முதலில் அமெரிக்கக் கால்பந்திலும் பிறகு கூடைப்பந்திலும், யார் ஆடுவார் என்ற பட்டியலை வெளியிடத் தொடங்கின. அவர்கள் மாணவர்கள் என்பதுதான் முன்பு சொல்லப்பட்ட காரணம். ஒரு மாணவரின் உடல்நிலை அவருடைய சொந்த விஷயம். இப்போது வெளியிடுவதன் நோக்கம் பந்தயம் கட்டுகிறவர்கள் உள்ளிருந்து தகவல் தேடி மாணவர்களை நச்சரிக்காமல் இருக்க வேண்டும் என்பது.

இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்துகிறது. டிராஃப்டில் நன்றாக விளையாட வேண்டுமென்றால் ஓர் இருபது வயது இளைஞனைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ள வேண்டும். முழங்கால் எப்படி இருக்கிறது, பயிற்சியாளரோடு மனத்தாங்கலா, தேர்வில் தேறாமல் தகுதி போகுமா, காதலி பிரிந்து போனாளா. தொழில்முறை வீரருக்கு இந்தப் பொதுப் பார்வைக்கு எதிராகக் கோடிகளில் சம்பளம், வழக்கறிஞர், முகவர் என்று அரண் இருக்கிறது. கல்லூரி மாணவர் விடுதியில் தூங்கி, காலையில் வகுப்புக்குப் போகிறவர். பந்தயம் கட்டியவரே பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கலாம்.

அவர்கள் பெயரை இப்படிப் பயன்படுத்தலாமா என்பது நீதிமன்றம் வரை போன கேள்வி. கல்லூரி வீரர்கள் சிலர், பணம் கட்டி ஆடும் தினசரி ஃபேன்டசி போட்டிகளில் தங்கள் பெயரும் படமும் புள்ளிக்கணக்கும் அனுமதியின்றிப் பயன்படுவதாக வழக்குத் தொடுத்தார்கள். 2018 அக்டோபரில் இந்தியானா மாநில உச்ச நீதிமன்றம், அவை செய்தி மதிப்புள்ள தகவல், அந்த மாநிலச் சட்டப்படி அனுமதி தேவையில்லை என்று முடிவு சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த காலத்தில், தன் பெயரைக் கொண்டு அந்த மாணவர் ஒரு டாலர் விளம்பர வருமானம் ஈட்டினாலும் ஆடும் தகுதியை இழப்பார். 2021 ஜூலை 1-ஆம் தேதிதான் அந்தத் தடை விலகியது. 2025-26 முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களோடு வருமானத்தைப் பகிரவும் வழி பிறந்திருக்கிறது. பணம் வரத் தொடங்கிவிட்டதே, பிறகென்ன புகார் என்று கேட்பவர்கள் உண்டு. சில நட்சத்திரங்களுக்கு வருகிறது. டிராஃப்டின் ஒன்பதாவது சுற்றில் எடுக்கப்படும் மாணவருக்குப் பெரிதாக எதுவும் வருவதில்லை, வசவு மட்டும் தவறாமல் வருகிறது.

வசவு என்று சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதா என்பதை மாநிலங்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. அதன் பிறகு பல மாநிலங்களில் கைப்பேசியில் நொடியில் பந்தயம் கட்டலாம். அதே கைப்பேசியில் அடுத்த நொடி அந்த மாணவரின் சமூக வலைதளப் பக்கத்துக்குப் போய்த் திட்டவும் செய்யலாம். உன்னால் எனக்கு இவ்வளவு நஷ்டம், பணத்தைத் திருப்பித் தா என்ற மிரட்டல்கள். கடைசி ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்ட பெண்ணுக்குக் கொலை மிரட்டல். அணி ஜெயித்த இரவுகளிலும் இது வருகிறது. ஜெயித்த ஆட்டத்தில் இரண்டு ரீபவுண்ட் குறைவாக எடுத்தார் என்பதற்காக.

2024 மார்ச்சில், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் தேசிய அமைப்பின் தலைமையே, தனி வீரரின் புள்ளி மீது கட்டும் பந்தயத்தை எல்லா மாநிலங்களும் தடை செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டது. ஓஹையோ, மேரிலாந்து, வெர்மான்ட், லூசியானா போன்ற மாநிலங்கள் அந்த ஆண்டே கல்லூரி வீரர்களைப் பொறுத்தவரை அதை நிறுத்தின. நல்ல முடிவு.

நண்பர்கள் கூடி எட்டுச் சுற்று டிராஃப்ட் நடத்துவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு, அது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று விளையாடுகிறவர்கள் சொல்கிறார்கள். நண்பர்கள் வட்டத்தில் அது உண்மைதான். ஆனால் ஃபேன்டசி என்ற அதே பெயரைத் தாங்கிய செயலிகள் பலவற்றில் இன்று டிராஃப்டே இல்லை. முறை வைத்து எடுப்பது இல்லை, எதிரே உட்கார்ந்து முறைக்கும் நண்பர் இல்லை. ஒரு மாணவரின் பெயர் வரும், பக்கத்தில் 14.5 என்று ஓர் எண். அவர் அதற்கு மேல் எடுப்பாரா, கீழே நிற்பாரா? இரண்டு, மூன்று பெயர்களைக் கோத்துப் பணத்தைக் கட்டினால் முடிந்தது. மாநிலம் தடை செய்த பந்தயத்துக்கும் இதற்கும் நடுவே ஒரு சட்டச் சொல்தான் இருக்கிறது. 2006-இல் இணையச் சூதாட்டப் பணப் பரிமாற்றத்தை ஒடுக்க வந்த மத்தியச் சட்டம் ஃபேன்டசி விளையாட்டுக்கு விலக்கு அளித்தது. அப்போது மனதில் இருந்தது, பலருடைய புள்ளிகளைக் கூட்டி ஒரு பருவம் முழுக்க நண்பர்கள் ஆடும் பழைய லீக். அந்த விலக்கின் நிழலில் இன்று நிற்பது வேறொன்று.

ஆபத்து மிரட்டலோடு நிற்கவில்லை. ஆட்டத்தில் தோற்கும்படி ஒருவரை மடக்குவது கடினம். ஐந்து பேர் ஆடும் களத்தில் ஒருவரால் தோற்கவைக்கவும் முடியாமல் போகலாம். ஆனால் 14.5-க்குக் கீழே நிற்பது அவர் ஒருவர் கையில் இருக்கிறது. கணுக்கால் வலிக்கிறது என்று சொல்லி பெஞ்சுக்குப் போனால் போதும். 2025 செப்டம்பரில் அமெரிக்க மேற்குக் கடற்கரையின் இரண்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மூன்று வீரர்கள், தங்கள் ஆட்டங்களின் மீதே பந்தயம் கட்டியதற்காகவும் அதற்கான தகவலைப் பகிர்ந்ததற்காகவும் ஆடும் தகுதியை நிரந்தரமாக இழந்தார்கள். தினசரி ஃபேன்டசியில் வரும் இதே மேல்–கீழ் எண்ணும் அதில் அடங்கும். 1951-இல் நியூயார்க் கல்லூரிகளைக் குலைத்த புள்ளி ஊழலில் தரகர்கள் நேரில் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. இன்று தரகரும் வேண்டாம், மாணவரின் கைப்பேசியிலேயே கடை திறந்திருக்கிறது.

மாநிலத்துக்கு மாநிலம் ஒரு சட்டம் என்ற நிலையில் இதை அடைக்க முடியாது. ஓரிடத்தில் தடை செய்யப்பட்ட அதே மாணவரின் பெயர், எல்லை தாண்டியதும் பக்கத்து ஊர்க் கைப்பேசியில் எண்ணோடு நிற்கிறது. கல்லூரி வீரர்களின் தனிநபர் எண்களைப் பந்தயத்திலிருந்தும், ஃபேன்டசி என்ற பெயரில் நடக்கும் மேல்–கீழ் ஆட்டத்திலிருந்தும் நாடு முழுவதும் ஒரே விதியாக எடுத்துவிட வேண்டும். நண்பர்கள் நடத்தும் டிராஃப்டுக்கு அதனால் ஒரு குறையும் வராது. அவர்கள் கூட்டிப் பார்க்கும் புள்ளிகள் மறுநாள் செய்தித்தாளிலேயே இருக்கின்றன. அடுத்த பருவம் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது. பள்ளி முடித்துச் சில மாதங்களே ஆன பிள்ளைகள் அன்று முதன்முதலாகக் கல்லூரிச் சீருடையில் களமிறங்குவார்கள். விதி வருவதாக இருந்தால் அதற்கு முன்பே வர வேண்டும்.