மூன்று வாரச் சைக்கிள் – 9: பனியிலிருந்து வந்த தந்தி

மூன்று வாரச் சைக்கிள் போட்டி ஒன்றுக்கு நாம் போட்டுவரும் பாதையில் சமவெளிக் கட்டங்களைப் போன வாரத்தோடு முடித்தாயிற்று. மொத்தம் 21 கட்டம், நடுவில் இரண்டு ஓய்வு நாள். இது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் கொல்லிமலைக்குப் பாதை போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். உட்காரவும் செய்தேன். அதற்குள் அல்ஃபோன்ஸ் ஸ்தைனேஸ் குறுக்கே வந்துவிட்டார்.

மலைக்கட்டம் போடுவதென்பது புதுச்சேரிக்காரனுக்கு அதிகப்பிரசங்கித்தனம்தான். நமக்குத் தெரிந்த ஏற்றமெல்லாம் கோரிமேடு. ஜிப்மர் பக்கம் போகிறவன் சீட்டை விட்டு எழுந்து நாலு மிதி மிதித்தால் தீர்ந்தது. ஆனால் 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸே பிரனீஸின் பெரிய கணவாய்களைத் தொட ஏழு வருஷம் தயங்கியது.

தயக்கத்தை உடைத்தவர் ஸ்தைனேஸ். போட்டியை நடத்திய ‘லோதோ’ பத்திரிகையின் நிருபர். பிரனீஸ் வேண்டும், பிரனீஸ் வேண்டும் என்று ஆசிரியர் ஆன்ரி தெகிராஞ்ஜை நச்சரித்து, 1910இல் பாதை பார்க்கப் போனார். தூர்மலே கணவாய், 2,115 மீட்டர். பாதி வழியிலேயே பனி காரை மறித்தது. டிரைவர் திரும்பிவிட்டார், இவர் நடந்தார். இருட்டில் சறுக்கி விழுந்து, தேடி வந்தவர்கள் கையில் கிடைத்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. அப்புறம் பாரீசுக்கு ஒரு தந்தி கொடுத்தார்: தூர்மலேயைக் கடந்தாயிற்று, சாலை அருமை, தாராளமாகப் போகலாம்! இப்படிச் சான்றிதழ் கொடுக்க நம் ஊர்ச் சாலை ஒப்பந்ததாரரே கொஞ்சம் கூசுவார்.

அந்தத் தந்தியை நம்பி ஜூலை 21 அன்று லுஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர் ஓட்டவிட்டார்கள். விடியுமுன்னே கிளம்பினார்கள். கனத்த இரும்புச் சைக்கிள். ஓட்டத்திலேயே கியர் மாற்றும் கருவிக்கு அந்தப் போட்டியில் அனுமதி கிடைத்தது 1937இல்தான். போட்டியாளர் ஒக்தாவ் லாபீஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறி, அமைப்பாளர்களைப் பார்த்து ‘கொலைகாரர்கள்’ என்று கத்தினார். இந்தக் கத்தல் எல்லாருக்கும் தெரியும்.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. கடைசிப் பெரிய கணவாயான ஒபிஸ்கை முதலில் தாண்டியவர் லாபீஸ் இல்லை, ஃபிரான்சுவா லாஃபூர்காத். ஆனால் அங்கிருந்து பயோனுக்கு இன்னும் சுமார் 150 கிலோமீட்டர் கிடந்தது. மலையில் சம்பாதித்ததையெல்லாம் அந்தத் தூரம் தின்றுவிட்டது. லாபீஸ் பிடித்தார், ஜெயித்தார். அந்த வருஷப் போட்டியே அவருக்குப் போனது. மலை எவ்வளவு உயரம் என்பதைவிட, முடிவுக்கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. மலையுச்சியிலேயே கோட்டைப் போட்டது 1952இல்தான்: அல்ப் துவெஸ், 21 கொண்டை ஊசி வளைவுகள். ஃபாஸ்டோ கொப்பி மற்றவர்களை வழியில் விட்டுவிட்டுத் தனியாகப் போய்ச் சேர்ந்தார்.

(நடுவில் ஒன்று. டூர் முதன்முதலாகப் பிரான்சுக்கு வெளியே, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிளம்பியது 1954இல். அதே வருஷம் நவம்பர் 1 அன்று பிரான்ஸ் நம் ஊரைவிட்டுக் கிளம்பியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

ஆகவே, நம் பாதையில் ஏற்காட்டை நடுவில் வைத்து, இறங்கி ஆத்தூர் பக்கம் முடித்தால் லாஃபூர்காத் கதைதான். 2008இல் தொடங்கிய நீலகிரி சைக்கிள் பயணத்தில் கல்ஹட்டியின் 36 வளைவுகளுக்கு அவ்வளவு பெயர் இருக்கிறதென்றால், காலை ஒடித்த பிறகு ஊட்டி பக்கத்திலேயே இருப்பதும் ஒரு காரணம். கொல்லிமலையில் 70 வளைவுகள். என் கோடு மேலே, செம்மேட்டில்தான்.

காரவள்ளி அடிவாரம் முதல் செம்மேடு வரை அடுத்த வாரம். நாமக்கல், சேந்தமங்கலம் வாசகர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும்: மழைக்குப் பிறகு எந்த வளைவில் மண் சரியும், எதிரே பஸ் வந்தால் எங்கே ஒதுங்க இடமிருக்கிறது என்று செவ்வாய்க்கிழமைக்குள் எழுதிப் போடுங்கள்.