வைஃபை பெட்டியின் கொம்புகள்: கடைக்காரர்கள் அறிய வேண்டியது

இன்று கல்லாவில் பில் போடுவதும் குடோனில் சரக்குக் கணக்கு எழுதுவதும் பல கடைகளில் ஒரே வைஃபை பெட்டியை நம்பி நடக்கின்றன. அலை எட்டாவிட்டால் வேலை நின்றுவிடுகிறது. புதுப் பெட்டி வாங்கப் போனால் நாலு கொம்பு, ஆறு கொம்பு என்று விலை ஏறுகிறது. அந்தக் கொம்புகளின் வேலையைத் தெரிந்துகொண்டால் பணம் வீணாகாது.

ஒற்றை ஆன்டெனா, குண்டு பல்பைப் போல நாலாபுறமும் அலையை இறைக்கும். பல ஆன்டெனாக்கள் சேர்ந்தால் சங்கதி வேறு. எங்கள் நெட்டுக்குப்பம் கரையில் ஆளுக்கொரு நேரம் தள்ளினால் படகு அசையாது. ஒரே மூச்சில் தள்ளினால் நகரும். அலைகளும் அப்படித்தான். மேடும் மேடும் ஒன்றாய் வந்து சேரும் இடத்தில் அலை வலுக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் அடங்கிவிடும்.

பெட்டி முதலில் ஒரு சோதனை அலையை அனுப்பும். அது வந்து சேர்ந்த விதத்தைச் செல்போன் அளந்து திருப்பிச் சொல்லும். அதற்கேற்ப ஒவ்வொரு ஆன்டெனாவின் அலையையும் பெட்டி இம்மியளவு முன்பின்னாக விடும். மொத்த மின்சக்தியைக் கூட்டாமலே, நாலு ஆன்டெனாக்களால் செல்போன் இருக்கும் இடத்தில் நாலு மடங்கு வரை வலு கிடைக்கும்.

இத்துறையில் பெரும்புள்ளி நம் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்தபோது, நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். வரிசையாக வைத்த உணரிகளால் ஒலி வரும் திசையை அறிவது அக்கருவி. பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், பல ஆன்டெனாக்கள் ஒரே அலைவரிசையில் தனித்தனிச் செய்தி அனுப்பும் முறைக்கு, தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1994-இல் காப்புரிமை பெற்றார். 2009-இல் வைஃபை தரவிதியிலும் பல ஆன்டெனா முறை இடம்பெற்றது. 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

ஆனால் எத்தனை கொம்பு இருந்தாலும் சரக்கு குறுக்கே நின்றால் அலை தளரும். இரும்பு ரேக்கும் எண்ணெய் டின்னும் அலையைத் திருப்பி அடிக்கும். நீர்ச்சத்துள்ள வெங்காயம், உருளைக்கிழங்கு மூட்டைகள் அலையை உறிஞ்சும். விமானத்துக்குள் வைஃபையைச் சோதிக்க, பயணிகளுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு மூட்டைகளை இருக்கைகளில் அடுக்கியதாக போயிங் நிறுவனம் 2012-இல் தெரிவித்தது. மனித உடலும் கிழங்கும் அலைக்கு ஏறத்தாழ ஒன்றே!

ஆகவே கவனிக்க வேண்டியவை மூன்று. பெட்டியைச் சரக்கு மட்டத்துக்கு மேலே, கடையின் நடுவில் மாட்டுங்கள். கொம்பை எண்ணி வாங்காமல், அலையைக் குவிக்கும் வசதி பெட்டியிலும் உங்கள் செல்போனிலும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். குடோனுக்கு இரும்புக் கதவோ தடித்த கான்கிரீட் சுவரோ இருந்தால், கேபிள் இழுத்து அங்கே இன்னொரு சிறு பெட்டி வைப்பதே சிக்கனம்.