துடிப்பு அடங்கும் வகை

கொல்லன் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் தோய்க்கிறான். இரும்பின் வெம்மையை நீர் ஏற்றுக்கொள்ள, இரும்பு சிறிது பொழுதில் ஆறிவிடுகிறது. இது யாவரும் கண்டறிந்ததே. கண்ணுக்குப் புலனாகாத ஒரு மூலக்கூறு மிகுந்த ஆற்றலோடு நீர்மத்தின் நடுவே துடிக்குமாயின், அதுவும் இவ்வாறே விரைந்து ஆறிவிடுமா? ஆறும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அத்துணை எளிதன்று.

மூலக்கூறிலுள்ள அணுக்கள் அறைந்த ஆணிகளைப்போல் அசைவற்று நிற்பன அல்ல. சுருள்வில்லாற் பிணித்த குண்டுகளைப்போல அவை நெருங்கியும் விலகியும் ஓயாது அதிர்வன. நைட்ரஜன் மூலக்கூறின் அணுக்கள் இரண்டும் ஒரு நொடியில் ஏறத்தாழ 70 இலட்சம் கோடி முறை அதிர்கின்றன. ஊஞ்சலின் ஆட்டம் சிறுகச் சிறுகத் தேய்வதுபோல் இவ்வதிர்வு தேய்வதில்லை. இதன் ஆற்றல் பிரிக்கவொண்ணாத மூட்டைகளாகவே கைமாறும். ஒரு மூட்டையை முழுதும் கொடுக்கலாம். அரை மூட்டை கொடுத்தல் இயலாது. இது குவாண்டம் கொள்கை கண்ட விதியாகும்.

திரவ நைட்ரஜனில் இவ்விதியின் விளைவு நன்கு விளங்கும். அது சுழிக்குக் கீழே 196 பாகை செல்சியசு குளிரில் கொதிப்பது. அக்குளிரில் மூலக்கூறுகளின் நடமாட்டத்திற்குரிய ஆற்றல் மிகச் சிறிது. நைட்ரஜனின் அதிர்வு மூட்டையோ அதனினும் 40 மடங்குக்கு மேற்பட்டது. பெருமூட்டையை இறக்க வந்தவன் எதிரே சிறு கிண்ணங்களே இருப்பின் அவன் என் செய்வான்! அம்மூட்டை ஒரு நைட்ரஜன் மூலக்கூறிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக்கூடும். நடமாட்டமாகிய வெப்பமாக மாறுவது அரிதினும் அரிது. எண்ணிறந்த மோதல்களுக்கு இடையிலும் அவ்வாற்றல் ஏறத்தாழ ஒரு நிமிடம் நிலைத்திருக்கிறது.

தண்ணீரின் இயல்பு இதற்கு மாறானது. அதன் மூலக்கூறு நீண்டு குறுகுவதுமுண்டு, வளைந்து நிமிர்வதுமுண்டு. வளைவின் மூட்டைகள் இரண்டு, நீட்சியின் மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ நிகராகும். அன்றியும், ஐதரசன் பிணைப்புகள் அண்டை மூலக்கூறுகளை வலைபோற் கோத்துள்ளன. எனவே கொள்வாரைத் தேடி அலைய வேண்டுவதில்லை. ஒரு நொடியை இலட்சம் கோடிக் கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூற்றில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு காலமே நீட்சி அதிர்வின் ஆயுள்!

இத்துணைச் சிறுபொழுதை எக்கருவி அளக்கும்? 1960-இல் லேசர் தோன்றியபின் இதற்கு வழி பிறந்தது. 1970-களின் தொடக்கத்தில் முனிச் நகர அறிஞர்கள் ஓர் ஒளித்துடிப்பால் மூலக்கூறுகளை அதிரச் செய்து, சற்றுப் பின்தங்கி வரும் மற்றோர் ஒளித்துடிப்பால் எஞ்சிய அதிர்வைச் சோதித்தனர். பின்வரும் ஒளியைச் சிறிது நெடிய வழியே செலுத்தினால் அது தாமதமாகும். நொடியின் இலட்சம் கோடியிலொரு கூற்றில் ஒளி கடப்பது 0.3 மில்லிமீட்டரே. காலத்தை நீளத்தால் அளந்த இவ்வுத்தி வியக்கத்தக்கது.

ஆற்றலைக் கொள்வார் இல்லையேல் வரும் கேடு யாது? அயோடின் இதற்குச் சான்று. கரைப்பானில் உள்ள அயோடின் மூலக்கூறை ஒளி பிளக்கிறது. பிரிந்த அணுக்களைச் சுற்றியுள்ள மூலக்கூறுகள் கூண்டுபோல் அடைக்க, அவை மீண்டும் கூடுகின்றன. இக்கூண்டு விளைவை 1934-இல் பிராங்க், ராபினோவிட்ச் என்போர் விளக்கினர். கூடிய மூலக்கூற்றில் மீண்டும் பிளவுபடுதற்குப் போதிய ஆற்றல் உண்டு. அதனைக் கரைப்பான் வாங்கிக்கொண்டாலன்றிக் கூட்டு நிலையாது. அயோடினின் ஆற்றற்படிகள் உச்சியில் நெருங்கியும் கீழே அகன்றும் அமைந்தவை. ஆதலின் அம்மூலக்கூறு மேற்படிகளை விரைந்து கடந்து, கீழ்ப்படிகளில் தயங்கித் தயங்கி இறங்குகிறது.