தளத்தில் திறப்பு விடுகிறீர்களா? மூலையைக் கவனியுங்கள்!

வீடு கட்டிக் குடிபோய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. மாடிப்படிக்காகத் தளத்தில் விட்ட திறப்பின் மூலையில் முடி மாதிரி ஒரு கோடு கிளம்பும். சாய்வாக ஓடும். அடுத்த மழைக்கு அது வழியாகத் தண்ணீர் சொட்டும்!

உடனே, "சிமெண்ட் சரியில்லை" என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். பாவம், அவர் என்ன செய்வார்?

காங்கிரீட் காயும்போது சுருங்கும். 10 மீட்டர் தளம் சுமார் 3 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். சுவரும் பீமும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சுருங்க வழியில்லை. அந்த இழுப்பெல்லாம் திறப்பின் மூலையில் வந்து குவிகிறது. அங்கே பிளக்கிறது.

பாக்கெட் தையல்

உங்கள் சட்டைப் பாக்கெட்டைப் பாருங்கள். வாய் ஓரத்தில் இரண்டு மூலையிலும் டெய்லர் முக்கோணமாகத் தையல் போட்டிருப்பார். கிழிசல் அங்கேதான் ஆரம்பிக்கும் என்று அவருக்குத் தெரியும். தளத்துக்கும் அதே வைத்தியம்தான்.

ஒவ்வொரு மூலையிலும் 4 அடிக் கம்பியைச் சாய்வாக, விரிசல் ஓடும் பாதைக்குக் குறுக்கே கட்ட வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று. 4 மூலைக்கு 8 துண்டு. 10 மில்லிமீட்டர் கம்பி என்றால் மொத்தமே 6 கிலோதான்! (பெரிய திறப்பு என்றால் என்ஜினீயர் கணக்குப்படிதான்.)

திறப்புக்காக வெட்டிய கம்பிகளுக்கும் ஈடு கட்ட வேண்டும். பாதியை இந்தப் பக்கம், பாதியை அந்தப் பக்கம், திறப்பைத் தாண்டி நீளமாகப் போட வேண்டும். வெட்டுப்பட்ட கம்பியின் பாரத்தை வேறு யார் சுமப்பது?

"அதெல்லாம் வேணாம் சார், நான் கட்டாத வீடா?" என்பார் மேஸ்திரி. விட்டுவிடாதீர்கள்! காங்கிரீட் கொட்டும் முன்பு நீங்களே சென்ட்ரிங் மேல் ஏறிப் பாருங்கள். கொட்டிய பிறகு யாரும் பார்க்க முடியாது.

கம்பி போட்டால் விரிசலே வராதா?

வரலாம். ஆனால் மயிரிழையோடு நிற்கும். வீட்டுக்குள் 0.3 மில்லிமீட்டர் வரை பரவாயில்லை என்பது 2000-ம் ஆண்டு வந்த இந்தியத் தரவிதியின் கணக்கு. அதற்கு மேல் வாய் பிளந்தால் தண்ணீர் இறங்கும். கம்பி துருப்பிடித்து உப்பும். பிறகு காரை பெயர்ந்து தலையில் விழும்!

தண்ணீர் கட்டுவதிலும் கஞ்சத்தனம் வேண்டாம். குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் 10 நாள். வெயில் காலத்தில் இன்னும் கூட.

ஏற்கனவே கோடு விழுந்த வீடா? மேலே பட்டி பூசி மறைக்காதீர்கள். கோட்டின் இரு நுனியிலும் பென்சிலால் குறி போட்டுத் தேதி எழுதுங்கள். குறியைத் தாண்டி வளர்ந்தாலோ, அகலமானாலோ என்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.