படத்தில் வராத மாத்திரை

செயற்கை இதய வால்வு எப்படி வேலை செய்கிறது என்பதை அரை நிமிட அனிமேஷனில் காட்டிவிடலாம். ரத்தம் முட்டினால் வட்டத் தட்டு சாய்ந்து வழிவிடும். திரும்பி வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வும் இந்தச் சாயும் தட்டு வகைதான். மூன்று மாதிரிகள் தோற்று நான்காவது தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதே ஆண்டு அதே ஊரில் டெக்னோபார்க் என்ற ஐ.டி. பூங்கா தொடங்கியது. தெனாலிராமனைக் கார்ட்டூன் தொடராக்கிய டூன்ஸ் நிறுவனம் பின்னாளில் அங்கேதான் கடை விரித்தது. வால்வு செய்கிறவர்களும் உண்டு, அதைப் படமாக ஓட்டிக் காட்டக்கூடியவர்களும் உண்டு என்று இருக்கிற ஊர் அது.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அனிமேஷன் புரியும். அதன் பலமே அதுதான். ஆனால் வால்வு எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது. பொருத்திக்கொண்டவர் எப்படி வாழ வேண்டும் என்பது தனிக் கதை. இயந்திர வால்வின் மேல் ரத்தம் உறையக்கூடும் என்பதால் ஆயுள் முழுக்க வார்ஃபரின் போன்ற உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் ரத்தக்கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. அதனால் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனைக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்தோடு மோதும். முருங்கைக்கீரையை ஒரேயடியாக விடவும் கூடாது, திடீரென்று கூட்டவும் கூடாது. குழந்தை பெற நினைக்கும் பெண்ணுக்கு வார்ஃபரின் மாத்திரை கருவையே பாதிக்கலாம். விலங்குத் திசுவால் ஆன வால்வு வைத்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அந்த மாத்திரை வேண்டியதில்லை. ஆனால் அது தேய்ந்துபோய் இன்னொரு அறுவை சிகிச்சை வரலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நோயாளியின் வயது, தொழில், குடும்பம் எல்லாவற்றையும் பொறுத்தது. படம் இந்த இடத்துக்கு வருவதற்குள் முடிந்துவிடும்.

நேர்மையான படங்களிலும் இந்தக் கோளாறு இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக 2006-இல் வந்த செல்லின் உட்புறக் காட்சி உலகப் புகழ் பெற்றது. அதில் ஒரு புரத மூலக்கூறு சுமையைத் தூக்கிக்கொண்டு கம்பீரமாக நடந்து போகும். உண்மையான செல்லுக்குள் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டின் சாயங்கால நெரிசல்தான்: எல்லாம் எல்லாவற்றின் மீதும் முட்டி மோதிக்கொண்டே இருக்கும். கூட்டத்தை நீக்கினால்தான் பாடம் தெரியும் என்பதால் நீக்கினார்கள். மாணவருக்கு அதனால் நஷ்டமில்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப் போகிறவருக்கு உண்டு.

அதனால்தான் வீடியோ பார்த்தது சம்மதம் ஆகாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சிகிச்சை என்ன, எதற்கு, மாற்று வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்ற விவரங்களை நோயாளிக்குச் சொல்லிவிட்டுத்தான் சம்மதம் வாங்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடம். விளக்கம் மலையாளத்தில், படிவம் ஆங்கிலத்தில், நடுவில் நோயாளிக்குத் துணையாகப் போன மருமகன் மொழிபெயர்ப்பாளர். பாதி புரிந்தும் தலையாட்டிவிடுகிறோம். ‘தமிழில் சொல்லுங்க டாக்டர், இல்லன்னா தமிழ் தெரிஞ்ச ஒருத்தரை விட்டுச் சொல்லச் சொல்லுங்க’ என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

புதிய மருந்துக்கான பரிசோதனை ஆய்வில் சேரச் சொன்னால் சட்டம் இன்னும் கறார். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, தகவல்தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழு அதை அங்கீகரித்திருக்க வேண்டும். புத்தம்புதிய மருந்து மூலக்கூறு என்றால், எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்களிடம் சம்மதம் பெறுவதை வீடியோவில் பதிவு செய்தாக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

உண்மையான அபாயம் விளம்பரப் படங்களில்தான். ஒளிரும் ஸ்டெம் செல்கள் ரத்தத்தில் நீந்திப்போய், செத்த நரம்பில் ஒட்டி உயிர் கொடுக்கின்றன. அனிமேஷனில் ஒரு செல்லும் வழி தவறுவதில்லை. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலின்படி, குறிப்பிட்ட சில நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர மற்றதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. மகனின் ஆட்டிசத்துக்கோ அப்பாவின் பக்கவாதத்துக்கோ லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் உள்ள பதிவு எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம் புற்றுநோய், நீரிழிவு, இதய நோய், பக்கவாதம் போன்றவற்றுக்கு மருந்து விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. விளம்பரம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் சுவாரஸ்யமானது: ஒளி, ஒலி, புகை என எந்த வழியில் அறிவித்தாலும் விளம்பரமே. எழுபது வருஷத்துக்கு முன்பே அனிமேஷனுக்கும் சேர்த்து வலை போட்டுவிட்டார்கள். இத்தகைய மருந்து விளம்பரங்கள் பற்றி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம். மற்றபடி தவறாக வழிநடத்தும் விளம்பரம் எதுவானாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ, மாவட்ட ஆட்சியரிடமோ புகார் செய்யலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தவறுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும்.

பணம் கொடுத்து ஏமாந்தவர் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, திருவனந்தபுரத்தில் சிகிச்சை எடுத்த நாகர்கோவில்காரர் நாகர்கோவிலிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு மட்டும் இது பொருந்தாது என்று 1995-லேயே தீர்ப்பாகிவிட்டது. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும்.

புகார் போனதும் முதலில் காணாமல்போவது அந்த விளம்பர வீடியோதான். பார்த்த அன்றே லிங்க்கையும் தேதியையும் குறித்துக்கொண்டு, போனில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்துவிடுங்கள். தொகை பேசிய வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ‘தள்ளுபடி’ என்பார்கள். பில் வாங்காமல் கொடுக்காதீர்கள்.