தசை அழற்சிக்கு நாட்டு மருந்தும் சேர்த்துக்கொள்ளலாமா?

சேவுகம்பட்டி போன்ற ஊர்களில் ஒருவருக்குத் தோளும் தொடையும் சத்திழந்தால் "வாதமாக இருக்கும்" என்பார்கள். குத்தவைத்தவர் கையூன்றாமல் எழ முடியாது. பஸ் படியில் கால் ஏறாது. தலை வாரத் தூக்கிய கை பாதியில் இறங்கிவிடும். வலியைவிடப் பலவீனம்தான் முன்னே நிற்கும். வத்தலக்குண்டில் ஒரு தைலம், ஒரு சூரணம் என்று மாதங்கள் ஓடிவிடும்.

இது மயோசைடிஸ் என்னும் தசை அழற்சி நோயாக இருக்கலாம். கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்தத் தசையையே தாக்குவதால் வருவது. கண் இமையில் ஊதா நிறத் தடிப்பும் விரல் முட்டிகளின் மேல் புடைப்பும் சேர்ந்து வந்தால் அது டெர்மட்டோமயோசைடிஸ். சிபிகே ரத்தப் பரிசோதனை முதல் துப்புக் கொடுக்கும். பெரியவர்களில் சிலருக்கு இதோடு புற்றுநோயும் மறைந்திருக்கும். சிலருக்கு நுரையீரலும் விழுங்கும் தசையும் கெடும். தாமதம் இங்கே உயிரோடு விளையாடுவது.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் வாரம் ஒரு முறை மட்டுமே சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டும் வழக்கமான மருந்துகள். அசதையோபிரின், ரிட்டுக்சிமாப் போன்றவையும் உண்டு. எல்லாமே தறிகெட்ட எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. நாட்டு மருந்தைச் சேர்ப்பதில் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். கொரோனா காலத்திலிருந்து நாம் தேடித் தேடி வாங்குவது எதிர்ப்புச் சக்தியைக் 'கூட்டும்' பொருட்களை அல்லவா?

சீந்திலையே எடுத்துக்கொள்வோம். கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்தில் தண்டும் ஒன்று. சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டு பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பதிவு செய்தன. பலருக்கு, எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் வகைப் பாதிப்பு. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்தில் பாதுகாப்பானது, பாதிப்புக்குக் காரணம் அதைப் போலவே தோன்றும் வேறு கொடியாக இருக்கலாம் என்றது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவரின் கல்லீரல் ஏற்கெனவே கண்காணிப்பில் இருக்கிறது. அவர் சீந்திலைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஸ்பைருலினா என்னும் பாசி கலந்த சத்துப்பொருள் சாப்பிட்டவருக்கு டெர்மட்டோமயோசைடிஸ் கிளர்ந்ததை 2004இலேயே அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதிமதுரம் இன்னும் நேரடியான ஆபத்து. இருமலுக்கு ஒரு நாள் ஒரு துண்டு மெல்லுவது வேறு. தினமும் பொடியாகச் சாப்பிடுவது வேறு. தொடர்ந்து எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். பொட்டாசியம் குறைந்தாலே தசை தளரும். ஸ்டீராய்டும் அதே பக்கம்தான் இழுக்கும். நோய் முற்றிவிட்டதாக நினைத்து மருத்துவர் மாத்திரையைக் கூட்ட, காரணம் சமையலறை டப்பாவில் இருக்கும்.

எல்லாவற்றையும் ஒதுக்கச் சொல்லவில்லை. குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. மாத்திரையாக வரும் மஞ்சள் சாறுதான் சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. அழற்சி தணிந்தபின், தடிப்பு இல்லாத இடத்தில் இதமான எண்ணெய்த் தொக்கணம் (உடம்பைத் தேய்த்துப் பிடித்துவிடுவது) உடம்பை இளக்கும். ஆனால் இழந்த பலத்தை மீட்பது உடற்பயிற்சிதான். ஒரு காலத்தில் இந்த நோயாளிகளை ஓய்விலேயே இருக்கச் சொன்னார்கள். அளவான பயிற்சி நல்லது என்று சுவீடன் ஆய்வாளர்கள் காட்டியபின் அந்த எண்ணம் மாறியது. பத்தியத்திலும் பிரித்துப் பார்க்க வேண்டும். உப்பைக் குறைக்கும் பத்தியம் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குப் பொருந்தும். மீனையும் முட்டையையும் விலக்கும் பத்தியம், தேயும் தசைக்குப் புரதத்தை மறுக்கிறது.

தமிழகத்தில் பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவும் அதே வளாகத்தில் இருக்கிறது. ஆனால் ஆங்கில மருத்துவர் எழுதிய சீட்டை நோயாளி சித்த மருத்துவரின் அறையில் காட்டுவதில்லை. திட்டு விழும் என்று பயந்து சித்தச் சூரணத்தைப் பற்றி ஆங்கில மருத்துவரின் அறையில் சொல்வதில்லை. இதற்கு நோயாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. "வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கோபமில்லாமல் கேட்க வேண்டியது மருத்துவர்கள்தான், இரண்டு தரப்பும்தான்.

பெயர்ச்சீட்டு இல்லாத பொடி சாப்பிட்டதும் இரண்டே நாளில் குணம் தெரிந்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். அதை நம்பி, மாதக்கணக்கில் சாப்பிட்டுவந்த பிரெட்னிசலோனைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தியவருக்கு வாந்தி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். கையில் மாத்திரைச் சீட்டோடு அந்தப் பொடியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.